மஞ்சள் விளக்கை யார் படிப்பது?

கோடை மழை பெய்து ஓய்ந்திருந்த மாலை நேரம். கும்மிடிப்பூண்டியில் உறவினர் இல்லத் திருமணத்தை முடித்துக்கொண்டு நானும் என் மனைவியும் திருவள்ளூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். கொல்கத்தா நெடுஞ்சாலையில் கவரைப்பேட்டையை நெருங்கும்போது, முன்னால் சென்ற இரும்புக் கம்பி ஏற்றிய லாரி திடீரென நின்றது. நானும் பிரேக்கை முழு பலத்துடன் மிதித்தேன். சக்கரங்கள் நின்றுவிட்டன; கார் நிற்கவில்லை. இடப்புறம் ஒதுங்கலாம் என்று ஸ்டீயரிங்கைத் திருப்பினேன். கார் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் நேராகவே வழுக்கிச் சென்றது. கம்பி முனையில் கட்டியிருந்த சிவப்புத் துணிக்கும் எங்கள் கண்ணாடிக்கும் இடையே இரண்டு முழம் மீதமிருக்கையில் நின்றது.

அந்தக் காரில் ஏபிஎஸ் உண்டு. வழுக்கலைத் தடுக்கும் இஎஸ்சி அமைப்பும் உண்டு. இரண்டும் அன்று வேலை செய்யவில்லை. வேலை செய்யவில்லை என்பதை அந்தக் கார் நான்கு மாதங்களாக எனக்குச் சொல்லிக்கொண்டேதான் இருந்தது. முகப்புப் பலகையில் இரண்டு மஞ்சள் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. நானும் அவற்றைப் பார்த்துக்கொண்டே ஓட்டிக்கொண்டிருந்தேன்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவன் நான். இயந்திரவியல் என் துறை அன்று. ஆயினும் அந்த நான்கு மாதங்களில் நான் கற்றுக்கொண்டது, இயந்திரத்தைப் பற்றியதைப் போலவே பொருளியலைப் பற்றியதாகவும் இருந்ததால் இதை எழுதத் துணிந்தேன்.

முதலில் அந்த அமைப்புகள் என்ன செய்கின்றன என்பதைச் சொல்லிவிட வேண்டும். உருளும் சக்கரத்துக்குத்தான் திசை உண்டு. பிரேக்கின் பிடி மிகுந்து சக்கரம் முற்றிலும் நின்றுவிட்டால், டயர் சாலையில் தேய்ந்துகொண்டு போகும் ஒரு ரப்பர் துண்டாகிவிடுகிறது. ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் அதற்கு ஒன்றுதான். ஏபிஎஸ் ஒவ்வொரு சக்கரத்தின் சுழற்சியையும் கண்காணித்து, ஏதேனும் ஒன்று நின்றுவிடப் போகிறது என்று தெரிந்தவுடன் அந்தச் சக்கரத்துக்குச் செல்லும் பிரேக் திரவத்தின் அழுத்தத்தை மட்டும் தளர்த்தி, மீண்டும் கூட்டுகிறது. விநாடிக்குப் பல முறை இது நிகழ்கிறது. அப்போது பெடல் காலடியில் அதிரும். அந்த அதிர்வுக்கு அஞ்சிக் காலை எடுத்துவிடுவோர் பலர், எடுக்கக்கூடாது.

இஎஸ்சி அதன் மேல் கட்டப்பட்ட அடுத்த மாடி எனலாம். ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதை ஓர் உணரி சொல்கிறது. கார் உண்மையில் எவ்வளவு திரும்புகிறது என்பதை இன்னோர் உணரி சொல்கிறது. ஓட்டுநர் நினைத்த பாதையும் கார் போகும் பாதையும் வேறுபட்டால், கணினி ஏதேனும் ஒரு சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து, இயந்திரத்தின் வேகத்தையும் குறைத்து, காரைப் பாதைக்கு இழுக்கிறது. நான்கு கால் விலங்கின் ஒரு காலை மட்டும் மெல்லத் தட்டித் திருப்புவதைப் போன்றது இது.

ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் உருவாக்கிய ஏபிஎஸ் 1978-இல் மெர்சிடிஸ் பென்ஸ் காரில் அறிமுகமானது. இஎஸ்சி 1995-இல் வந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, ஸ்வீடனைச் சேர்ந்த மோட்டார் இதழ் ஒன்று, சாலையில் குறுக்கிடும் கடமானைத் தவிர்ப்பதற்காக வளைத்து ஓட்டும் சோதனையில் புதிய மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் காரைக் கவிழ்த்துக் காட்டியது. அவமானத்தைத் துடைக்க, அந்தச் சிறிய கார் அனைத்திலும் இஎஸ்சியைப் பொருத்த நேர்ந்தது. செல்வந்தர் கார்களுக்கே உரியதாயிருந்த பாதுகாப்பு சிறிய கார்களுக்கு இறங்கி வந்த வரலாறு அங்கே தொடங்கியது. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2007-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, கார் தனியாகவே நிலைதடுமாறி விபத்துக்குள்ளாவதை இஎஸ்சி 34 சதவீதம் குறைக்கிறது. உயரமான எஸ்யூவி வகைகளில் 59 சதவீதம். இருக்கைப் பட்டைக்கு அடுத்தபடியாக இவ்வளவு பயன் தரும் கருவி வேறில்லை என்பது பல வல்லுநர்களின் கருத்து.

நம் நாட்டில் கனரக லாரி, பேருந்துகளுக்கு 2015 அக்டோபர் முதலும், கார்களில் புதிய மாடல்களுக்கு 2018 ஏப்ரல் முதலும், அனைத்துப் புதிய கார்களுக்கும் 2019 ஏப்ரல் முதலும் ஏபிஎஸ் கட்டாயமாக்கப்பட்டது. 125 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வாகனங்களுக்கும் அதே காலத்தில் வந்தது. 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் மதிப்பீட்டில், இஎஸ்சி இல்லாத கார் மூன்று நட்சத்திரத்தை எட்ட முடியாது. வரவேற்க வேண்டிய சட்டங்கள், விதிகள். 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர். தமிழகத்தில் மட்டும் 17,884 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு நாட்டிலேயே முதலிடம் தமிழகத்துக்குத்தான்.

ஆனால், பொருத்து என்று சொன்ன சட்டம், பொருத்தியது பழுதானால் என்ன செய்வது என்பதை எங்களைப் போன்றோரிடமே விட்டுவிட்டது. என் அனுபவம் அங்கேதான் தொடங்குகிறது.

பொங்கலுக்கு முந்தைய வாரம், முன் இடது சக்கரத்திலிருந்து ஒரு ரீங்காரம் வந்துகொண்டிருந்தது. எங்கள் தெருவின் முனையில் உள்ள பணிமனையில் காட்டினேன். பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லி மாற்றிக் கொடுத்தார்கள். பணிமனையிலிருந்து வீட்டுக்கு அரை கிலோமீட்டர்கூட இல்லை. ஊர்ந்து வந்து நிறுத்தினேன். மறுநாள் காலை பெரியபாளையம் போகும் வழியில், ஊர் எல்லையைத் தாண்டி வேகமெடுத்தபோது இரண்டு மஞ்சள் விளக்குகளும் எரிந்தன. பேரிங் என்பது இரும்பு. விளக்கு என்பது மின்னணு. இரண்டுக்கும் உறவு இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்துக்குச் சென்றேன். ஸ்கேனரைச் செருகி, 'முன் இடது சக்கர உணரி' என்று குறியீடு காட்டுகிறது என்றார்கள். உணரியை மாற்றினார்கள், 3,100 ரூபாய். வெளியே வந்து இரண்டு கிலோமீட்டர் தாண்டுவதற்குள் விளக்குகள் மீண்டும் எரிந்தன. திரும்பச் சென்றேன். இம்முறை, ஏபிஎஸ் மாட்யூலே போய்விட்டது, மாற்றுவதற்கு 52,000 ரூபாய் ஆகும் என்றார்கள். 'எப்படிக் கண்டறிந்தீர்கள்' என்று கேட்டேன். உணரியை மாற்றியும் போகவில்லை என்றால் மாட்யூல்தானே என்று பதில் வந்தது. பிரேக் நன்றாகத்தான் இருக்கிறது, அவசரமில்லை, வசதிப்படும்போது செய்துகொள்ளலாம் என்ற ஆறுதலும் கிடைத்தது.

அந்த ஆறுதல் பாதி உண்மை. ஏபிஎஸ் தன்னிடம் பழுது கண்டால் தானே விலகிக்கொள்கிறது. சாதாரண பிரேக் எஞ்சி நிற்கும். அன்றாட ஓட்டத்தில் எந்த வேறுபாடும் தெரியாது. தெரியவேண்டிய நாள் ஆண்டுக்கு ஒரு முறையோ, ஐந்தாண்டுக்கு ஒரு முறையோதான் வரும். எனக்கு அது கவரைப்பேட்டையில் வந்தது.

அந்த மாலைக்குப் பிறகு, சிப்காட்டில் உருக்காலை ஒன்றில் மேலாளராக உள்ள என் பழைய மாணவரிடம் இதைச் சொன்னேன். அவர் ஓர் இளைஞரிடம் அனுப்பினார். கும்மிடிப்பூண்டி புறவழியில் தகரக் கொட்டகை. உள்ளே ஒரு லிஃப்ட், ஒரு மடிக்கணினி. ஐடிஐ படித்துவிட்டு, வாகன உதிரிபாகத் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் சில ஆண்டுகள் வேலை செய்தவராம். அவர் காரைத் தொடுவதற்கு முன் கேட்ட முதல் கேள்வி இது: "சார், இந்த லைட்டு எப்ப வந்துச்சு? அதுக்கு முன்னாடி வண்டியில என்ன வேலை பாத்தீங்க?"

நான்கு மாதங்களாக யாரும் கேட்காத கேள்வி. "பேரிங் மாத்தினேன் தம்பி" என்றேன். அவர் சிரித்தார், ஆனால் உடனே சக்கரத்தைக் கழற்றவில்லை. முதலில் கணினியில் நான்கு சக்கரங்களின் வேகத்தையும் திரையில் வரவழைத்தார். காரை உயர்த்தி ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுழற்றினார். மூன்று சக்கரங்களுக்கு எண்கள் ஏறி இறங்கின. முன் இடது சக்கரத்துக்குப் பூஜ்யம் அசையவே இல்லை.

பழுது இருக்கக்கூடிய இடங்கள் நான்கு: மாட்யூல், அதிலிருந்து வரும் வயர், உணரி, உணரி படிக்கும் வளையம். உணரியின் இணைப்பைக் கழற்றி மீட்டரால் தொட்டுப் பார்த்தார். மின்னழுத்தம் வந்தது. ஆக, மாட்யூல் உயிரோடு இருக்கிறது, வயரும் அறுபடவில்லை. இணைப்பை மீண்டும் செருகி, உணரியை அதன் குழியிலிருந்து வெளியே எடுத்து, அதன் முனைக்கு எதிரே ஒரு சிறு காந்தத்தை வேகமாக ஆட்டினார். திரையில் பூஜ்யம் துள்ளியது. உணரியும் நன்றாக இருக்கிறது. வயரும் செய்தியைக் கொண்டுசெல்கிறது. மாட்யூல் அதைப் படிக்கிறது. நான்கில் மூன்று கழிந்துவிட்டன. இருபது நிமிடம் ஆகவில்லை. 52,000 ரூபாய் மாட்யூலில் ஒரு குறையும் இல்லை.

எஞ்சியது வளையம். பழைய கார்களில் அது பல்சக்கரம் போலக் கண்ணுக்குத் தெரியும். இப்போதைய பல கார்களில் பேரிங்கின் ஒரு பக்கத்து ரப்பர் மூடியிலேயே வட துருவமும் தென் துருவமுமாக மாறி மாறிக் காந்தமேற்றி வைத்திருக்கிறார்கள். பார்ப்பதற்கு இரு பக்கமும் ஒன்று போலவே இருக்கும். காந்தப் பக்கம் உணரியை நோக்கி இருக்க வேண்டும். சக்கரத்தின் மையப் பகுதியைக் கழற்றி, காந்தப் புலத்தைக் காட்டும் பச்சை நிற அட்டை ஒன்றைப் பேரிங்கின் உட்பக்கம் வைத்தார்; ஒன்றுமில்லை. வெளிப்பக்கம் வைத்தார், சீரான கோடுகள் வரிசையாக எழுந்தன. பேரிங் தலைகீழாக மாட்டப்பட்டிருந்தது. இரும்பின் வேலையை அது குறைவின்றிச் செய்துகொண்டிருந்தது. சுழற்சியைச் சொல்லும் வேலையை மட்டும் செய்ய முடியாமல் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தது.

அழுத்தி மாட்டிய பேரிங்கைப் பிடுங்கினால் மறுபடியும் பயன்படாது. புதியது 2,200, கூலி 1,000. மொத்தம் 3,200 ரூபாய். அன்று மாலை புதுவாயலைத் தாண்டும்வரை முகப்புப் பலகையையே பார்த்துக்கொண்டு வந்தேன். விளக்குகள் எரியவில்லை.

குறியீடு பொய் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முன் இடது சக்கரத்திலிருந்து செய்தி வரவில்லை என்றுதான் அது சொன்னது. பெரும்பாலான கார்களுக்குப் பொதுவான அட்டவணையில் சி 0035 என்று ஒரு குறியீடு உண்டு. முன் இடது சக்கர வேக உணரியின் மின்சுற்று என்று அதற்குப் பொருள். சுற்று என்றுதான் சொல்கிறது; உணரியை மாற்று என்று சொல்லவில்லை. வயிற்றுவலி என்று வந்தவரின் வயிற்றை மாற்ற எந்த மருத்துவரும் முனைவதில்லை. பணிமனைகளில் அது அன்றாடம் நடக்கிறது.

அந்த இளைஞர் தாம் பார்த்த பிற வகைகளையும் சொன்னார். எலி கடித்த வயர்தான் முதலிடமாம்; நெல் வயல்களுக்கு நடுவே வீடு கட்டிக்கொண்டு காரை வெளியே நிறுத்துவோருக்கு இது வியப்பளிக்காது. பழவேற்காடு, எண்ணூர்ப் பக்கத்துக் கார்களில் உப்புக் காற்றால் உணரியின் அடியில் துரு படிந்து, அது வளையத்தை விட்டு மயிரிழை விலகிவிடும். அந்த மயிரிழையே போதும். இரும்பு ஆலைகளைச் சுற்றி ஓடும் கார்களின் உணரி முனையில் மீசை போல இரும்புத் தூள் ஒட்டிக்கொண்டிருக்கும்; ஆலைப் புழுதியா, பிரேக் தட்டின் தேய்மானமா என்று பிரித்துச் சொல்ல முடியாதாம். துடைத்தால் சரியாகிவிடும், செலவில்லை. வீல் அலைன்மென்ட் செய்த பிறகு ஸ்டீயரிங் உணரியின் நடுநிலையைப் பதிவு செய்யாமல் விட்டால், நேராகப் போகும் காரை வளைந்து போவதாக எண்ணி இஎஸ்சி குழம்பும். ஒரு டயர் மட்டும் வேறு அளவாக இருந்தாலும் அதே குழப்பம். பிரேக் விளக்கின் சின்னஞ்சிறு சுவிட்சு கெட்டாலும், பேட்டரி வலுவிழந்தாலும் இதே மஞ்சள் விளக்குகள்தான் எரியும். சில நூறு ரூபாயில் முடியக்கூடியவை இவற்றில் பல. அனைத்துக்கும் ஒரே விளக்கு என்பதுதான் சிக்கல்.

என் துறைக்கு இங்கே வந்துவிடுகிறேன். மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இரு பொருளியலாளர்கள் 1973-இல் எழுதிய கட்டுரை ஒன்று, வாங்கிய பிறகும் தேவையா இல்லையா என்று வாங்கியவரால் அறிய முடியாத சேவைகளைப் பற்றியது. பழுதுபார்த்தல் அத்தகையது. நோயைச் சொல்பவரும் மருந்தை விற்பவரும் ஒருவரே. மாட்யூலை மாற்றும்போது சக்கரத்தையும் கழற்றிப் பேரிங்கைச் சத்தமில்லாமல் திருப்பி மாட்டியிருந்தால், விளக்கு அணைந்திருக்கும். நான் 52,000 ரூபாய் கொடுத்துவிட்டு நன்றியும் சொல்லியிருப்பேன். வகுப்பில் இதை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி விளக்கியவன், சேவை மையத்தின் சோபாவில் அமர்ந்திருந்தபோது அதை நினைக்கவில்லை.

இதில் யாரோ ஒருவர் ஏமாற்றினார் என்று நான் கருதவில்லை. பழுதறிதல் நேரம் எடுக்கும் வேலை. அதற்கென்று கட்டணம் கேட்டால் வாடிக்கையாளர் முகம் சுளிக்கிறார். 'பார்த்துச் சொல்வதற்கே ஆயிரம் ரூபாயா' என்று நானும் கேட்டிருப்பேன். பார்ப்பதற்குக் கூலி இல்லை, பாகத்தை விற்றால்தான் வருமானம் என்றால், பாகம்தான் விற்கப்படும். சோதிக்க ஒரு மணி நேரம் செலவிடும் தொழிலாளி நட்டம். மாற்றிப் பார்க்கும் தொழிலாளி லாபம்.

அடுத்தது, தெருமுனைப் பணிமனை ஏன் தன் தவற்றைத் தானே அறியவில்லை என்ற கேள்வி. நம் கார்களில் புகை தொடர்பான குறியீடுகளை எந்தக் கருவியும் படிக்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்று மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் கட்டாயப்படுத்தின. 2013 ஏப்ரல் முதல் அதன் இரண்டாம் கட்டம் நடைமுறையில் உள்ளது. ஆகவே, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கருவிகூட இயந்திரத்தின் குறியீட்டைப் படித்துவிடும். பிரேக்கின் குறியீட்டுக்கு அத்தகைய கட்டாயம் கிடையாது. அது அந்தந்த நிறுவனத்தின் மொழியில், அந்தந்த நிறுவனத்தின் கருவிக்குள் இருக்கிறது. அல்லது சிறு பணிமனைகளுக்கு எட்டாத விலையுள்ள கருவிகளில் இருக்கிறது. புகையைப் பற்றிக் கார் ஊருக்கெல்லாம் சொல்லும். உயிரைப் பற்றி உற்பத்தியாளரிடம் மட்டும் சொல்லும்.

இது நீதிமன்றம்வரை சென்ற விவகாரம். 2011-இல் ஒரு நுகர்வோர் அளித்த புகாரின்பேரில் விசாரித்த இந்திய போட்டி ஆணையம், 2014 ஆகஸ்ட் 25-இல் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அசல் உதிரிபாகங்களையும், பழுதறியும் கருவிகளையும், தொழில்நுட்பக் கையேடுகளையும் வெளிப் பணிமனைகளுக்குக் கிடைக்காமல் செய்தார்கள் என்பதுதான் குற்றச்சாட்டின் சாரம். காரை வாங்கும்வரைதான் சந்தையில் போட்டி. வாங்கிய பிறகு ஒவ்வொரு நிறுவனமும் தன் காருக்குத் தானே ஏகபோகம் என்று ஆணையம் கூறியது. பொருளியல் மாணவர்கள் படிக்க வேண்டிய ஆணை அது. வெளிப் பணிமனைக்குச் சென்றார் என்பதற்காகவே உத்தரவாதத்தை ரத்து செய்யும் பொத்தாம்பொதுவான நிபந்தனையும் கூடாது என்றது. 14 நிறுவனங்களில் ஒன்று, எங்கள் திருவள்ளூரில் மிட்சுபிஷி லான்சரைத் தயாரித்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ். அந்த ஆலையில் இப்போது சிட்ரோயன் கார்கள் உருவாகின்றன. 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், முறையிட்ட மூன்று நிறுவனங்கள் விஷயத்தில் தவறு தவறே என்று ஏற்று, அபராதத்தை மட்டும் வெகுவாகக் குறைத்தது.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் 'பழுதுபார்க்கும் உரிமை' குறித்து ஆராய ஒரு குழுவை அமைத்தது. அதன் நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று. அந்த ஆண்டு டிசம்பரில் ஓர் இணையவாசலும் தொடங்கப்பட்டது. நிறுவனங்கள் விரும்பிச் சேர்வதாக உள்ள வாசல், சட்டத்துக்கு ஈடாகாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012-இலேயே வாகனங்களுக்கான பழுதுபார்ப்பு உரிமையைச் சட்டமாகப் பெற்றுவிட்டனர். நம்மிடம் உள்ளதைவிட அங்கே பணிமனைகள் குறைவு என்றே நினைக்கிறேன். தெருமுனைக்கு ஒரு மெக்கானிக் உள்ள நாட்டுக்கு அந்தச் சட்டம் இன்னும் அவசியமானது.

திறந்த குறியீடு மட்டும் போதாது. யாராவது விளக்கைப் பார்க்கவும் வேண்டும். சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதுவரை அரசு சார்பில் அதைச் சோதிக்க எவரும் அழைப்பதில்லை. ஆண்டுதோறும் புகைச் சான்று மட்டும் கேட்கிறோம். வணிக வாகனங்களுக்கு முதல் எட்டு ஆண்டுகள் ஈராண்டுக்கு ஒரு முறையும் பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சான்று வேண்டும். ஆனால் உருளைகளின் மேல் ஏற்றிச் சோதிக்கும்போது சக்கரம் சுழலும் வேகம் மிகக் குறைவு. அந்த வேகத்தில் ஏபிஎஸ் செயல்படுவதே இல்லை. விளக்கைப் பார்ப்பதுதான் வழி. பிரிட்டனில் மூன்றாம் ஆண்டு முதல் ஆண்டுதோறும் நடக்கும் சோதனையில், ஏபிஎஸ் அல்லது இஎஸ்சி விளக்கு எரிந்தால் அந்தக் கார் தேறாது.

காட்டுப்பள்ளி, எண்ணூர்த் துறைமுகங்களுக்குச் சரக்கு கொண்டுசெல்லும் டிரெய்லர்களைப் பாருங்கள். இழுக்கும் வண்டிக்கும் இழுக்கப்படும் பகுதிக்கும் தனித்தனி ஏபிஎஸ். இரண்டையும் இணைப்பது ஒரு சுருள் வயர். அந்த இளைஞரின் கொட்டகைக்கு எதிரே வரிசையாக நின்றிருந்த வண்டிகளில் சிலவற்றில் அது செருகப்படாமல் தொங்கிக்கொண்டிருந்ததைக் கண்டேன். ஓட்டுநர் ஒருவரிடம் கேட்டேன். "செருகினா லைட்டு எரியுது சார், ஓனர் திட்டுறாரு" என்றார். விளக்கு எரிவதுதான் பழுது என்று நாம் எல்லோருமே நம்பத் தொடங்கிவிட்டோம்.

பழைய கார் வாங்குவோருக்கு இதில் தனி ஆபத்து உண்டு. ஜார்ஜ் அகர்லோஃப் 1970-இல் பழைய கார் சந்தையை வைத்தே எழுதிய கட்டுரைக்காகப் பின்னர் நோபல் பரிசு பெற்றார்: விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது, நல்ல கார்கள் சந்தையை விட்டு விலகி மோசமானவை தங்கிவிடும் என்பது அவர் வாதம். மஞ்சள் விளக்கை அணைக்கச் சரியான வழி 3,200 ரூபாய். விளக்கையே பிடுங்கிவிடுவதற்குச் செலவே இல்லை. விற்பவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? பிடுங்குவது தெரிந்துவிடும் என்பதால், அதன் வயரை வேறொரு விளக்கோடு முடிந்துவைக்கும் சாமர்த்தியமும் பழைய கார்களில் உண்டாம்.

ஆகவே கார் வைத்திருப்போருக்குச் சில சொற்கள். இயந்திரத்தைக் கிளப்புவதற்கு முன் சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பினால் ஏபிஎஸ், இஎஸ்சி விளக்குகள் எரிந்து, சில விநாடிகளில் தாமே அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ கைவைத்திருக்கிறார்கள். பழைய கார் வாங்கும்போது நிறத்தையும் இருக்கையையும் பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள். ஓட்டும்போது மஞ்சள் விளக்கு எரிந்தால் நிதானமாகப் பணிமனைக்குப் போகலாம். மழையில் இடைவெளியைக் கூட்டிக்கொள்ளுங்கள். அதோடு சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால், முன்னும் பின்னும் பிரேக் விசையைப் பங்கிடும் ஏற்பாடும் போயிருக்கலாம், அல்லது திரவம் குறைந்திருக்கலாம். ஓரமாக நிறுத்திவிட்டு இழுவை வண்டியை அழைப்பதே முறை.

பணிமனையில் பாகத்தின் விலையைக் கேட்பதற்கு முன், குறியீட்டின் எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். நான்கு சக்கரங்களின் வேகத்தையும் திரையில் காட்டச் சொல்லுங்கள். விளக்கு எரிவதற்கு முந்தைய வாரம் வண்டியில் யார் கைவைத்தார்கள் என்பதை அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். பார்த்துச் சொல்வதற்குக் கூலி கேட்டால் பேரம் பேசாமல் கொடுங்கள். அந்த இளைஞர் என்னிடம் அதற்குத் தனியாக எதுவும் வாங்க மறுத்தார். பேரிங் கூலியோடு ஐந்நூறு ரூபாயைச் சேர்த்து மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அது போதாது என்பது வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தபோதுதான் உறைத்தது.